கோப்பு மூடப்பட்டது... மண் சுத்தமாகிவிட்டதா?



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பழைய பெட்ரோல் பங்க் ஒன்றின் உரிமையாளர் பல ஆண்டுகள் காத்திருந்து பெறுகின்ற ஒரு கடிதம் உண்டு. 'உங்கள் இடத்தில் நிலத்தடித் தொட்டியிலிருந்து கசிந்த பெட்ரோலியம் தொடர்பாக இனி மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை' என்பதே அதன் சாரம். அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளில் அவருக்குப் பெரிய நிம்மதி. நிலத்தை விற்கலாம், வங்கியில் வைத்துக் கடன் வாங்கலாம், புதிய கட்டடம் எழுப்பலாம். அலுவலகத்திலோ அந்த இடத்தின் கோப்பு 'மூடப்பட்டது' என்ற பட்டியலுக்குப் போய்விடும்.

அப்படியானால் அந்த மண்ணுக்கடியில் பெட்ரோலியம் இப்போது இல்லையா? பல இடங்களில் இருக்கிறது. கடிதம் எழுதிய அதிகாரிக்கு அது தெரியும். வாங்கிக்கொண்ட உரிமையாளருக்கும் தெரியும். அந்த மாநிலத்தின் விதிமுறையே அதை மறைக்காமல் ஒத்துக்கொள்கிறது. 'நஞ்சு இருக்கும்போதே கோப்பை மூடுவதா? இது என்ன நீதி?' என்று நமக்குக் கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதற்கான பதில், நாம் முதலில் நினைப்பதைவிடச் சிக்கலானது. நம் ஊர்களுக்கும் இந்தக் கேள்வி வந்துகொண்டிருப்பதால், அதைச் சற்று நின்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

பெட்ரோல் பங்கில் நாம் பார்ப்பது குழாயையும் மீட்டரையும்தான். பெட்ரோல் இருப்பது காலுக்குக் கீழே, மண்ணில் புதைக்கப்பட்ட பெரிய தொட்டிகளில். தீ விபத்துக்கு அஞ்சித்தான் அவற்றை மண்ணுக்குள் வைத்தார்கள். கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் கார்கள் பெருகியபோது, பூச்சு எதுவுமில்லாத ஒற்றைச் சுவர் இரும்புத் தொட்டிகள் இலட்சக்கணக்கில் புதைக்கப்பட்டன. ஈரமண்ணில் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும்; துருப்பிடித்தால் ஓட்டை விழும். இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. ஆனாலும் 1984-ஆம் ஆண்டில்தான் அந்நாட்டு மக்களவையும் மேலவையும் இதற்கென்று சட்டம் செய்தன. 1988-இல் விதிகள் வந்தன. பழைய தொட்டிகளை மாற்றவோ, மேம்படுத்தவோ, மூடவோ 1998 டிசம்பர் 22 வரை பத்து ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது.

தொட்டிகளைத் தோண்டத் தோண்டக் கசிவுகள் வெளிவந்தன. இதுவரை அந்நாட்டில் உறுதிசெய்யப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கை 5 இலட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் 5 இலட்சத்துக்கும் அதிகமானவை 'சுத்திகரிப்பு முடிந்தது' என்று கணக்கில் வந்துவிட்டன. இன்னும் பல்லாயிரம் இடங்கள் காத்திருக்கின்றன.

கசிந்த பெட்ரோல் என்னவாகிறது? அது மண் இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கிறது. ஒரு பகுதி மண்துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு பகுதி ஆவியாகி மேலே எழும்பி, சில வேளைகளில் வீட்டுத் தரையின் விரிசல் வழியாக உள்ளே வருகிறது. பென்சீன் போன்றவை நீரில் கரைந்து, நீர் ஓடும் திசையில் மெல்ல நகர்கின்றன. பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். கலிபோர்னியாவில் குடிநீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு கிராமை பத்து இலட்சமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்குதான் மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவுக்கே அங்கே அஞ்சுகிறார்கள்.

தோண்டி எடுத்த மண்ணை லாரிகளில் அப்புறப்படுத்துவது, மிதக்கும் பெட்ரோலை உறிஞ்சி எடுப்பது, நீரை இறைத்து வடிகட்டுவது, கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி ஆண்டுக்கணக்கில் சோதிப்பது என்று இந்த வேலை நீளும். சிறிய குடும்பமாக ஒரு பங்க் நடத்தி வந்தவரால் இந்தச் செலவைத் தாங்க முடியாது. ஆகவே கலிபோர்னியாவில் தொட்டியில் இறக்கப்படும் எரிபொருளுக்குக் கட்டணம் விதித்து (2015 முதல் கேலனுக்கு 2 சென்ட்) பொதுநிதி ஒன்றைத் திரட்டி, அதிலிருந்து உதவுகிறார்கள். பாவம் ஒருவருடையது, பரிகாரம் எல்லாருடையது என்று சிலர் முணுமுணுக்கலாம். ஆனால் அந்தப் பெட்ரோலைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டியவர்களும் எல்லாரும்தானே!

இந்த வரலாற்றில் 1995-ஆம் ஆண்டு ஒரு திருப்பம். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தின் அறிஞர்கள் கலிபோர்னியாவின் கசிவு இடங்களின் பதிவுகளைத் திரட்டி ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது பலருக்கு வியப்பாக இருந்தது. நீரில் கரைந்த பென்சீன் மைல்கணக்கில் பரவுவதில்லை. பெரும்பாலும் 250 அடிக்குள் நின்றுவிடுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை உண்டு செரித்துவிடுவதே காரணம். மனிதர் செலவழிக்கும் பெரும்பணத்தைவிட, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்னஞ்சிறு உயிர்கள் செய்கின்ற வேலை பல இடங்களில் அதிகம் என்று தெரியவந்தது. படைப்பிலேயே குணமாக்கும் ஆற்றலை இறைவன் வைத்திருக்கிறார் என்று நம்புகிற நமக்கு இதில் மகிழ்ச்சிதான். ஊற்றை நிறுத்திவிட்டு, எடுக்க முடிந்ததை எடுத்துவிட்டு, மீதியை மண்ணிடம் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. அபாயம் குறைந்த இடங்களின் கோப்புகளை மூடலாம் என்று அதே ஆண்டின் இறுதியில் மாநில நீர்வாரியமும் அறிவுறுத்தியது.

அடுத்த ஆண்டே அடி விழுந்தது.

லாஸ் ஏஞ்சலிசுக்கு அருகே பசிபிக் கடலோரத்தில் சாண்டா மோனிக்கா என்றொரு நகரம் உண்டு. புனித அகுஸ்தீனாரின் தாயான புனித மோனிக்காவின் பெயரைத் தாங்கிய ஊர். 1769-இல் அவ்வழியே வந்த பயணக்குழுவிலிருந்த பிரான்சிஸ்கன் துறவி யுவான் கிரெஸ்பி, அங்கே சுரந்த ஊற்றுகளைக் கண்டு, வழிதவறிய மகனுக்காக அந்தத் தாய் வடித்த கண்ணீரை நினைத்து இப்பெயரை இட்டார் என்பது அங்கு வழங்கும் மரபுவழிச் செய்தி. ஊற்றால் பெயர் பெற்ற அந்த நகரம் 1996-இல் தன் குடிநீர்க் கிணறுகளை மூட வேண்டியதாயிற்று. சார்னாக், ஆர்க்கேடியா என்னும் இரண்டு கிணற்றுத் தொகுதிகளிலும் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. நகரம் குடித்துவந்த நீரில் ஏறக்குறைய பாதி ஒரேயடியாக நின்றுபோனது. வெளியிலிருந்து தண்ணீர் விலைக்கு வாங்கினார்கள்.

இந்த எம்.டி.பி.இ. எங்கிருந்து வந்தது? பெட்ரோல் நன்றாக எரிந்து புகை குறையட்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பொருள் அது. 1990-ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதன் பயன்பாடு மிகவும் கூடியது. காற்றைக் காப்பாற்ற நல்ல மனத்தோடு செய்த ஏற்பாடு! ஆனால் அது நீரில் எளிதாகக் கரையும், நீரோடு சேர்ந்து வேகமாக ஓடும், பென்சீனைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அதை எளிதில் செரிப்பதில்லை. 250 அடிக் கணக்கு அதற்குப் பொருந்தவில்லை. சாண்டா மோனிக்காவைச் சுற்றியிருந்த பங்க் தொட்டிகளிலிருந்தும் எரிபொருள் குழாய்களிலிருந்தும் கசிந்தது கிணறுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. 1999-இல் ஆளுநர் கிரே டேவிஸ் இப்பொருளைக் கைவிட ஆணையிட்டார். தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2004 தொடக்கத்தில்தான். எண்ணெய் நிறுவனங்கள் வழக்கில் உடன்பாட்டுக்கு வந்து பணம் கொடுத்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டு, சார்னாக் கிணற்று நீர் மீண்டும் மக்களுக்கு வர ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் ஆயின.

இந்த அனுபவத்தையெல்லாம் வைத்துத்தான் கலிபோர்னியா நீர்வாரியம் 2012 மே முதல் நாளில் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 17-இல் அது நடைமுறைக்கு வந்தது. அபாயம் குறைந்த கசிவு இடங்களின் கோப்பை எப்போது மூடலாம் என்று அது வரையறுக்கிறது. கசிவு நின்றிருக்க வேண்டும். கசிந்தது பெட்ரோலியம் மட்டுமாக இருக்க வேண்டும். மிதக்கும் எண்ணெயை இயன்றவரை அகற்றியிருக்க வேண்டும். எம்.டி.பி.இ. இருக்கிறதா என்று சோதித்திருக்க வேண்டும். மாசு பரவிய நீர்ப்பகுதி மேலும் விரியாமல் நிலைத்து நிற்க வேண்டும், அல்லது சுருங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆவி வீடுகளுக்குள் புகாது என்று காட்ட வேண்டும். மாசுப்பகுதியின் நீளம் 100 அடிக்குக் குறைவாக இருந்தால், குடிநீர்க் கிணறோ நீர்நிலையோ அதன் எல்லையிலிருந்து 250 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். நீளம் 250 அடிவரை போனால், கிணறு 1,000 அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். இந்த இரண்டாம் வகையில் பென்சீன் லிட்டருக்கு 3,000 மைக்ரோகிராமுக்குக் குறைவாக இருந்தால் கோப்பை மூடலாம்.

இந்த எண்ணை இன்னொரு முறை பார்ப்போம். குடிநீருக்கு அனுமதி 1 மைக்ரோகிராம். மூடப்படும் இடத்தின் நிலத்தடி நீரிலோ ஏறக்குறைய 3,000 வரை இருக்கலாம்! அது குடிநீர்த் தரத்துக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகலாம். ஆக, 'மூடப்பட்டது' என்ற சொல் 'சுத்தம்' என்று பொருள்படாது. 'ஊற்று நின்றுவிட்டது, பரவவில்லை, இன்றைய நிலையில் யாருடைய வாயையும் மூக்கையும் தொடவில்லை, மீதியை மண் பார்த்துக்கொள்ளும்' என்பதே அதன் உண்மையான பொருள்.

விவிலியத்தை நன்கு படிப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பகுதி நினைவுக்கு வரலாம். லேவியர் நூல் 14-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி. ஞாயிறு வாசகங்களில் நாம் கேட்காத பகுதி. பலர் புரட்டிவிட்டுப் போகிற பகுதி. வீட்டுச் சுவரில் தொற்று கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. வீட்டுக்காரரே முன்வந்து குருவிடம் அறிவிக்க வேண்டும். குரு வந்து பார்வையிட்டு வீட்டை ஏழு நாள் பூட்டி வைப்பார். ஏழாம் நாள் திரும்பி வந்து அவர் பார்ப்பது ஒன்றைத்தான்: அது பரவியிருக்கிறதா? பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுற்றிலும் சுரண்டி, எல்லாவற்றையும் நகருக்கு வெளியே தீட்டான இடத்தில் கொட்ட வேண்டும். வேறு கற்கள் வைத்துப் புதிதாகப் பூச வேண்டும். மறுபடியும் தொற்று வந்தால் வீட்டையே இடித்துவிட வேண்டும். வரவில்லையென்றால், குரு அந்த வீட்டைத் தூய்மையானது என்று அறிவிப்பார்.

மாசடைந்த மண்ணைத் தோண்டி ஊருக்கு வெளியே கொண்டுபோவது, காத்திருந்து பார்ப்பது, பரவியதா என்று கேட்பது, பிறகு அறிவிப்பது என்ற இந்த ஒழுங்கில் கலிபோர்னியாவின் விதிமுறையில் உள்ள பல படிகளும் இருக்கின்றன. ஒன்றைக் கவனியுங்கள். அறிவிக்கும் கடமை வீட்டுக்காரருடையது. தீர்ப்புச் சொல்லும் உரிமை அவருடையதல்ல. 'என் வீடு சரியாகிவிட்டது' என்று அவரே சொல்லிக்கொள்ள முடியாது. பல நாடுகளில் மாசுபடுத்திய நிறுவனமே ஆய்வு நடத்தி, அந்த நிறுவனமே 'ஆபத்தில்லை' என்று அறிக்கை விடுவதைக் காண்கிறோம். லேவியர் நூலின் காலத்திலேயே இது போதாது என்று தெரிந்திருக்கிறது.

நம் ஒப்புரவு அருளடையாளமும் இதில் வெளிச்சம் தருகிறது. பாவமன்னிப்பு உண்மையானது. குரு மன்னிப்பு வழங்கியபின் 'இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது' என்று இறைவன் கணக்கு வைத்திருப்பதில்லை. ஆனால் மன்னிப்பு பாவத்தை நீக்கினாலும், பாவம் விளைவித்த எல்லாச் சீர்குலைவையும் அது சரிசெய்துவிடுவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 1459) கற்பிக்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதும் நான்கு மடங்கு திருப்பித் தருவதாகச் சொன்னது இதைத்தான். புனித மோனிக்காவின் மகனையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமுழுக்குப் பெற்று ஆயரான பிறகு அகுஸ்தீனார் எழுதிய தன்னறிக்கை நூலின் பத்தாம் பகுதியில், தம்முள் இன்னும் எஞ்சிக் கிடப்பவை எவை எவை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து எழுதுகிறார். மன்னிக்கப்பட்டவர் என்பதில் அவருக்கு ஐயமில்லை. மீதி இருப்பதை மறைக்கவுமில்லை.

கோப்பை மூடுவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். பணமும் ஆட்களும் அளவோடுதான் இருக்கின்றன. யாரையும் தொடாத ஓரிடத்தில் கடைசித் துளியை எடுக்கப் பெருஞ்செலவு செய்துகொண்டிருந்தால், நிஜமாகவே மக்கள் குடிக்கும் கிணற்றுக்குப் பக்கத்திலுள்ள இடம் வரிசையில் காத்துக்கொண்டே இருக்கும். அப்படிக் காத்திருப்பது பெரும்பாலும் ஏழைகள் வாழும் பகுதியாகத்தான் இருக்கும். முடிவே இல்லாத கோப்பு, பங்க் நடத்திய சிறு குடும்பத்தையும் பாழாக்கிவிடும். பாழடைந்து கிடக்கும் மூலைமனையால் சுற்றுப்புறத்துக்கும் நன்மையில்லை. ஆகவே, நேர்மையாக ஆராய்ந்து மூடப்பட்ட கோப்பு பொதுநன்மைக்கு உதவுவதுதான்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 'இன்றைய நிலையில்' என்ற அந்த இரண்டு சொற்கள்தான். இன்று அங்கே கிணறு இல்லை. இன்று அது தார் போட்ட வண்டி நிறுத்துமிடம். இன்று அங்கே குழந்தைகள் தூங்கவில்லை. இருபது ஆண்டு கழித்து அதன்மேல் அடுக்குமாடிக் குடியிருப்போ மழலையர் பள்ளியோ வந்தால்? வறட்சி வந்து யாராவது அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டால்? கோப்பை மூடியதும் கண்காணிப்புக் கிணறுகளையும் சிமெண்டுக் கலவை ஊற்றி அடைத்துவிடுகிறார்கள். அதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. திறந்து கிடக்கும் கிணறு புதிய மாசுக்கு வழியாகிவிடும். ஆனால் அத்துடன் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் மூடிவிடுகின்றன. அதன்பிறகு அங்கே என்ன இருக்கிறது என்பதை மண் சொல்லாது, பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

இதற்கு அங்கே சில ஏற்பாடுகளை வைத்திருக்கிறார்கள். மூடுவதற்கு முன் 60 நாள் அவகாசத்துடன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். நீர்வழங்கும் அமைப்புகளுக்கும், கட்டட அனுமதி தரும் அலுவலகத்துக்கும், அந்த மனையின் உரிமையாளருக்கும், அதில் குடியிருப்பவருக்கும், ஒட்டியுள்ள எல்லா மனைகளின் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் அது போக வேண்டும். குடியிருப்பவர் என்ற சொல்லில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பமும் அடங்கும் என்பது சிறிய செய்தியல்ல. மூடப்பட்ட கோப்புகளும் 'ஜியோட்ராக்கர்' என்னும் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. முகவரியைத் தட்டினால் எந்த ஆண்டு கசிந்தது, எவ்வளவு மிஞ்சியது என்று தெரிந்துகொள்ளலாம். சில மனைகளில் இன்னின்ன பயன்பாடு கூடாது என்று நிலப்பத்திரத்திலேயே பதிவு செய்கிறார்கள். இந்த நினைவு இருக்கிறவரையில் மூடியது பொறுப்பான செயல். நினைவு அறுந்துபோனால், அது புதைத்து மறைத்ததாகிவிடும்.

இப்போது நம் பக்கம் வருவோம். கலிபோர்னியாவின் கொள்கையில் முதல் நிபந்தனையாக எழுதியிருப்பதை மேலே நான் சொல்லாமல் விட்டேன். கசிந்த இடம் பொதுக் குடிநீர் வழங்கும் அமைப்பின் எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதே அது. அதாவது, சுற்றிலுமுள்ள வீடுகளுக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது; காலடி நீரை யாரும் இறைத்துக் குடிப்பதில்லை. இந்த ஒரு வரியின்மேல்தான் மற்ற எண்களெல்லாம் நிற்கின்றன. வீட்டுக்கு வீடு கிணறோ ஆழ்துளைக் குழாயோ வைத்திருக்கும் நம் ஊர்களில் 250 அடி, 1,000 அடி என்ற கணக்குக்கு இடமே கிடையாது. பக்கத்துக் கிணறு முப்பது அடியில் இருக்கும்!

2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. நிலத்தடியில் சென்ற பெட்ரோலியக் குழாயின் கசிவு அது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தின் கதை இன்னும் வேதனையானது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத அந்தக் குடாநாட்டில், சுண்ணாம்புப் பாறைக்குள் தேங்கும் மழைநீர்தான் மக்களுக்கு வாழ்வு. மின்நிலையப் பகுதியிலிருந்து கலந்த எண்ணெயால் சுற்றியிருந்த கிணறுகள் பாழாயின என்று மக்கள் போராடினார்கள். ஒரு நிபுணர் குழு ஒன்று சொன்னது, வேறு ஆய்வு வேறொன்று சொன்னது. யாரை நம்பித் தண்ணீர் குடிப்பது என்று தெரியாமல் தாய்மார்கள் தவித்தார்கள். இறுதியில் 2019 ஏப்ரலில் இலங்கை உச்ச நீதிமன்றம், தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கு அத்துடன் முடிந்தது. ஆனால் கிணற்றை மறுபடியும் யார் பார்ப்பார், எத்தனை ஆண்டு பார்ப்பார், 'இனி குடிக்கலாம்' என்று யார் வந்து சொல்வார் என்பவை நீதிமன்றத் தீர்ப்போடு முடிகிற காரியங்கள் அல்ல.

இந்திய அரசு 2025 ஜூலையில் மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கெனத் தனி விதிகளை வெளியிட்டிருக்கிறது. ஐயத்துக்குரிய இடங்களை மாவட்ட அளவில் அடையாளம் கண்டு தெரிவிக்க வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அவற்றை ஆராய வேண்டும், மாசுபடுத்தியவரிடம் செலவை வாங்க வேண்டும் என்பது அதன் போக்கு. வரவேற்க வேண்டிய முயற்சி. பட்டியல் என்று ஒன்று தொடங்கினால், ஒரு நாள் அதிலிருந்து பெயரை நீக்குவதும் தொடங்கும். அப்போது யார் முன்னிலையில், எந்த அளவை வைத்து, யாருக்குச் சொல்லிவிட்டு நீக்குகிறார்கள் என்பதை நாம் இப்போதே கேட்கப் பழக வேண்டும். பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் 'இறைவா உமக்கே புகழ்' சுற்றுமடலில் வற்புறுத்தினார். நாம் அதை வாசித்தோம், கருத்தரங்கு நடத்தினோம், மரக்கன்றும் நட்டோம். நம் பங்கின் எல்லைக்குள் எத்தனை பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதில் எத்தனை மூடிக்கிடக்கிறது என்று எந்த அன்பியக் கூட்டத்திலாவது எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

இது வெளியாரை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வியுமல்ல. திருச்சபைக்கும் நிலம் இருக்கிறது. சாலையோரத்து மனையை வாடகைக்கு விடும்போதும், பள்ளி விரிவாக்கத்துக்குப் பக்கத்து நிலத்தை வாங்கும்போதும், வில்லங்கச் சான்றிதழைக் கவனமாகப் பார்க்கிறோம். அந்தச் சான்றிதழில் யார் விற்றார், யார் வாங்கினார் என்றிருக்கும். மண்ணுக்குள் தொட்டி இருந்ததா என்று இருக்காது. முன்பு பங்க் இருந்த இடமானால், தொட்டி எந்த ஆண்டு புதைக்கப்பட்டது, எந்த ஆண்டு எடுக்கப்பட்டது, எடுத்தபோது அடியிலிருந்த மண்ணை யார் சோதித்தார், அருகிலுள்ள கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்ற விவரங்களைக் கேட்டு வாங்கி, பங்குப் பேரவையின் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அடுத்து வருகிறவர் அந்த இடத்தில் பள்ளிக் குழந்தைகளுக்காக ஆழ்துளைக் கிணறு போட நினைக்கும்போது, முதலில் திறந்து பார்க்க ஒரு பக்கம் இருக்கும்.